மேட்னியில் தானாக எரிந்த விளக்கு

பிஜித் தீவின் லௌட்டோகா ஊர்த் தியேட்டரில் படம் ஓட்டும் ஷம்சுவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு ரீல் முடிவதற்குள் அடுத்த புரொஜெக்டரைத் தயாராக வைக்க வேண்டும். மூத்திரம் முட்டினாலும் பாட்டு வரும்வரை அடக்கிக்கொள்வான்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஊரே கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் மூட்டை கட்டியது. மற்ற ஆபரேட்டர்களும் போய்விட்டார்கள். கனடா போன மச்சான் ஷம்சுவையும் கூப்பிட்டான். முதலாளி பாலசுப்பிரமணிதான் தடுத்தார்.

"நாம்பளும் பூட்டா இங்க யாருடா இருக்கறது? நான் சாவற மட்டும் லௌட்டோகாதான்!"

ஷம்சு நம்பித் தங்கிவிட்டான்.

ஆளில்லாத குறைக்கு முதலாளி ஒரு மெஷின் வாங்கினார். முழுப் படத்தையும் ஒரே சுருளாக ஒட்டிப் பெரிய தட்டில் கிடத்தினால் தானே ஓடும். சுருளின் ஓரத்தில் வெள்ளித் தகடு ஒட்டினால், அந்த இடம் வந்ததும் அரங்கத்து விளக்கு தானே எரியும். ஷம்சு முதல் தடவையாகக் கீழே உட்கார்ந்து, கடலை கொறித்தபடி படம் பார்த்தான்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சனிக்கிழமை மேட்னியில், இருட்டுப் பால்கனியில், முதலாளி ஒரு பெண்ணோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். அவள் ஊர்மிளா. மச்சானைக் கனடாவுக்கு அனுப்பிய விசா ஏஜெண்டு!

அடுத்த சனிக்கிழமை படத்தின் நடுவில் ஒரு தகடு கூடுதலாக ஏறியது. முதலாளியின் மனைவி ருக்மணிக்கும் அழைப்பு போனது. "நல்ல அழுவாச்சிப் படம், வாங்கக்கா."

கதாநாயகி விம்மத் தொடங்கியதும் பளிச்சென்று விளக்கெல்லாம் எரிந்தன. ஆபரேட்டர் அறையைத் தேடி எல்லாத் தலையும் பின்னால், பால்கனிப் பக்கம் திரும்பியது. ருக்மணி எழுந்து நின்றாள்.

"இன்னாங்க இது? யாரு அந்தப் பொம்பள?"

"ஐயோ, விசா ஏஜெண்டுடி! நாம ஆக்லாந்து போவத்தான்! அப்புறமா சொல்லலாம்னு..."

 உடனே பக்கத்து லோவு கிராமத்திலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர் பால்கனிப் படியேறினார். "பஹினி, தங்கச்சிம்மா, எங்களுக்கும் ஒரு வழி பண்ணேன்," என்றார் ஊர்மிளாவிடம். அவர் பின்னால் பாதி அரங்கமே ஏறியது. திரையில் கதாநாயகி ஆளில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"டேய் ஷம்சு, ஒன் வேலையா?" என்று மேலிருந்து கத்தினார் முதலாளி.

"மெஷினு தானா பாத்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க, மொதலாளி!"

சொல்லிவிட்டு அவனும் வரிசையில் போய் நின்றான். அவனுக்கு விசா கிடைக்கவில்லை. முதலாளி குடும்பம் ஆக்லாந்துக்குக் கிளம்பியபோது, தனக்கு உண்மையைக் காட்டியவன் என்று, தியேட்டரை ஷம்சு பொறுப்பில்தான் விட வேண்டுமென்று ருக்மணி பிடிவாதமாக நின்றாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.