எரிச்சல் என்ற சொல்லுக்கு நான் சொன்ன ஆங்கிலம்

சிங்கப்பூருக்கு வந்த மூன்றாவது வருஷம், கப்பல் பட்டறை ஒன்றில் ஒப்பந்த வேலை எடுக்கும் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு எழுத்தராக இருந்தேன். விபத்து நடந்தால் அறிக்கையைத் தட்டச்சு செய்வது என் வேலை. என் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அடிபட்டவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் கேட்பதைத் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதற்கென்று எந்தப் பயிற்சியும் எனக்குக் கிடையாது. கான்வென்டில் படித்தவள், ஆங்கிலம் நன்றாக வரும் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்க்கப் போனவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். கப்பலின் அடியில் ஒரு தொட்டிக்குள் இரும்பைத் தேய்க்கும் வேலையில் இருந்தார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்த நேரம் பார்த்து, பக்கத்து ஆளின் மிஷினிலிருந்து தெறித்த துணுக்கு இடது கண்ணுக்குள் போய்விட்டது. அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

“கண்ணாடிய ஏன் கழட்டினீங்கன்னு கேக்குறார்” என்றேன்.

“எரிச்சலா இருந்துச்சு மேடம். காலையிலேருந்தே ஒரே எரிச்சல். தாங்க முடியல. அதான் கழட்டிட்டேன்.”

எனக்கு முதலில் வாயில் வந்தது ‘இரிட்டேஷன்’ என்ற சொல்தான். அது பேச்சு வழக்கு மாதிரி இருக்கிறதே, அறிக்கைக்கு இன்னும் நல்ல சொல் வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “ஹி வாஸ் அன்னாய்ட்” என்றேன். அவர் எரிச்சலில் இருந்தார், கோபத்தில் இருந்தார் என்று அதற்குப் பொருள். எதன்மேல் என்று மேலதிகாரி கேட்டார். கண்ணாடியின்மேல் என்று நானே சொன்னேன். அடிபட்டவரிடம் திருப்பிக் கேட்கவில்லை.

மேலதிகாரி எழுதிய வாசகம் இதுதான்: கண்ணாடி அணிவதில் எரிச்சலடைந்து, தொழிலாளி தானாகவே அதைக் கழற்றினார். தாளை நான்தான் அடிபட்டவரிடம் நீட்டினேன்.

“நீங்க சொன்னது எல்லாம் இதுல இருக்கு. கையெழுத்துப் போடுங்க.”

ஒற்றைக் கண்ணால் கோட்டைத் தேடிப்பிடித்துப் போட்டார்.

மூன்றாவது நாள் டாக்டரின் அறிக்கை என் மேஜைக்கு வந்தது. அடிபடாத வலது கண்ணும் சிவந்து வீங்கியிருந்ததாம். காரணம், ரசாயன ஆவியால் வந்த இரிட்டேஷன், அதாவது கண் எரிச்சல். பக்கத்துத் தொட்டியில் அன்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டில் கலக்கும் தின்னர் வாடை முழுக்க இவர் இருந்த தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. காற்றை வெளியேற்றும் விசிறி அங்கே வைக்கப்படவில்லை. கண் எரிகிறது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். கண்ணில் இருந்த எரிச்சலை நான் மனசுக்குக் கொண்டுபோய்க் கோபமாக்கிவிட்டேன்.

ஆள் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். அவரிடம் போய்ச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“ஸ்டேட்மென்ட் சைன் பண்ணியாச்சு லா. ரிப்போர்ட்டும் மேல போயிடுச்சு. இப்ப போய் டிரான்ஸ்லேஷன் தப்புன்னா யாருக்கு எம்பாரஸிங், சொல்லுங்க? உங்களுக்குத்தான். உங்க பாஸுக்கும்தான். விடுங்க.”

விட்டுவிட்டேன். ஆங்கிலம் தெரிந்தவள் என்ற பெயர் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்திலேயே மூன்று வாரம் ஓடியது. அந்த நாட்களில் தெம்பனிஸில் இருந்த என் வீட்டுக்குப் போகிற ரயிலில் இடம் கிடைத்தாலும் நான் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது கண்ணில் அடிபட்டவரிடமிருந்து போன். கம்பெனி ஒரு லெட்டர் கொடுத்திருக்கிறது, படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். இடது கண்ணின்மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டுத்தான் லெட்டரை எடுத்தார்.

பாதுகாப்பு விதியை மீறியதால் வேலை பெர்மிட் ரத்து. அடுத்த வாரம் ஊருக்கு விமானம். ‘உங்கள் நடத்தையால் நாங்கள் மிகவும் டிசப்பாயின்டட்’ என்று ஒரு வரி.

“அப்டின்னா?”

“ஏமாற்றமா இருக்குன்னு எழுதியிருக்காங்க.”

“ஏமாத்திட்டேன்னா? நான் யார மேடம் ஏமாத்தினேன்?”

பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். அதில்லை அண்ணே, அது வேற அர்த்தம் என்று தொடங்கி, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வார்டில் நான் சொன்ன சொல், மேலதிகாரி எழுதிய வரி, டாக்டரின் அறிக்கை எல்லாவற்றையும் சொன்னேன்.

“கண்ணு எரிஞ்சுச்சுன்னு உங்ககிட்ட தமிழ்லதானே சொன்னேன்” என்றார்.

“ஆமாண்ணே.”

“இது எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மூணாவது நாளே.”

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். லெட்டரை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தூண் இருந்தது தெரியாமல் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனார். இடதுபக்கம் அவருக்குத் தெரியவில்லை. நான் எழுந்து பின்னால் போகவில்லை.

மறுநாள் காலை நடந்ததை முழுக்க எழுதி, மேலதிகாரிக்கும் நிர்வாகத்துக்கும் அனுப்பினேன். கண் எரிச்சல் என்று இருக்க வேண்டும், தவறு மொழிபெயர்த்த என்னுடையது என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: திருத்தம் கோப்பில் சேர்க்கப்பட்டது. அந்த மாதத்திலிருந்து எல்லாத் தொட்டிகளிலும் விசிறி வைத்தார்கள். பெர்மிட்டைப் பற்றி நான் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. சொன்ன தேதியில் அவர் ஊருக்குப் போனார்.

என் ஒப்பந்தத்தை அந்த வருஷக் கடைசியில் அவர்கள் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடைய ஊர் நம்பருக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் முறை மணி அடித்து நின்றது. அடுத்த முறை அவர் மனைவி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், யார் பேசுவது என்று கேட்டார்.

“சிங்கப்பூர்லேருந்து. கம்பெனியில வேலை பாத்தவ” என்றேன். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

“வந்ததும் கூப்பிடச் சொல்றேன்மா” என்றார்.

அவர் கூப்பிடவில்லை.