ஞாயிற்றுக்கிழமை ஆசான்

டிரைவிங் ஸ்கூல் என்பது அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு என்று நம்பிய மடையன் நான். எல்.எல்.ஆர். வாங்கிய பதினெட்டு வயது மகளுக்கு நானே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஆளில்லாத ராயபுரம் தெருவில் என்னை மிஞ்சிய ஆசான் கிடையாது.

ஒரு புதன்கிழமை அதே தெருவில் ஓட்டச் சொன்னேன். டீ டைம் என்பது மண்டையில் ஏறவில்லை. பெல் அடித்ததும் கம்பெனி கேட்டுகளிலிருந்து ஆட்கள் சாலையில் கொட்டினார்கள். மகள் தடுமாறினாள். "பிரேக்கு, பிரேக்கு" என்று நான் போட்ட கூச்சலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். ஒரு பெண் துள்ளி ஒதுங்கினார். அவர் நின்ற இடத்தைக் கடந்து, சாலையோரம் அடுக்கியிருந்த வேஸ்ட் துணி மூட்டைகளில் முட்டி நின்றது கார்.

"புள்ள பழகுதுங்க" என்றேன்.

"எங்க மேல ஏத்தித்தான் பழகோணுங்களா?" என்றார் அந்தப் பெண்.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க கத்தாம இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றாள். அது உண்மை என்பதால் கோபம் கூடுதலாக வந்தது.

இப்போது டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புகிறேன். அவள் ஓட்டும்போது பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். "புள்ள எப்படிப் பழகுதுங்க?" என்று பயிற்சி தருபவரிடம் கேட்டேன்.

"பாப்பா சீக்கிரம் புடிச்சுக்குதுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததை மறக்க வெக்கத்தான் நாளாச்சுங்க."