ஆண்டனிராஜ் போட்ட பூட்டு

தாடிக்கொம்புப் பக்கம் உள்ள ஒரு கல் கிரஷரில் ஆண்டனிராஜ் ஃபிட்டர். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், வேறொரு கிரஷரில் பெல்ட்டுக்கு அடியில் படுத்து பேரிங் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த முதலாளி, கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"நான் கவனமாத்தான் இருந்தேன். சுவிட்சுக்குத்தான் பூட்டு இல்ல" என்றார் ஆண்டனிராஜ்.

கட்டுப் பிரித்த வாரமே நாகல் நகரில் ஒரு பூட்டு வாங்கினார். அதன்பிறகு எங்கே வேலைக்குப் போனாலும், மெயின் சுவிட்சை இறக்கி, அதன் கைப்பிடியில் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இயந்திரத்தில் கை வைப்பார். பூட்டுக்கு ஒரே சாவி. மாற்றுச் சாவியை வாங்கிய அன்றைக்கே உடைத்துப் போட்டுவிட்டார்.

போன சித்திரையில் ஒரு நாள், நல்ல உச்சி வெயிலில், கிரஷரின் கல் நொறுக்கும் வாய்க்குள் இருந்த இரும்புத் தகடு விண்டுபோனது. வெளியே பதினோரு டிப்பர் லாரிகள் நின்றன. ஐந்து நிமிஷ வேலைக்குப் பூட்டு எதற்கு, சுவிட்சுக்கு நானே காவல் நிற்கிறேன் என்றார் சூப்பர்வைசர் பாண்டியராஜ். ஆண்டனிராஜ் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினார். கரண்ட் இல்லாவிட்டாலும் கிரஷரின் பெரிய சக்கரம் தன் கனத்திலேயே சுற்றும் என்பதால், அதற்கும் மரக்கட்டை அடித்து முட்டுக் கொடுத்தார். பிறகு உள்ளே இறங்கினார்.

அரை மணி நேரத்தில் முதலாளி காரில் வந்துவிட்டார். ஜல்லி ஏற்றும் பெல்ட்டுக்கும் அதே மெயின்தான். அதையாவது ஓட்டி லாரிகளை அனுப்பலாம், சாவியைக் கொடு என்று மேலிருந்து கத்தினார்.

"நான் மேல வந்த பெறகுதான் சாவி வரும், மொதலாளி."

பாண்டியராஜிடம் ரம்பத்தை எடுத்துவந்து பூட்டை அறுக்கச் சொன்னார் முதலாளி. பெல்ட்டுக்கு அடியில் கல்தூசி அள்ளும் மூக்காயி கூடையைக் கீழே போட்டுவிட்டு, சுவிட்சுப் பலகையை மறைத்து நின்றார்.

"உள்ள மனுசன் இருக்காருய்யா. என்னையத் தள்ளிட்டு அறுத்துக்கங்க."

பாண்டியராஜ் ரம்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். லாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து மூக்காயிக்குப் பக்கத்தில் நின்றார்கள். உள்ளே ஆண்டனிராஜுக்கு எல்லாம் கேட்டது. ஆனாலும் அவசரப்படவில்லை, ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறிவந்தார். சக்கரத்துக்கு அடித்த மரக்கட்டையை எடுத்து, பூட்டைத் திறந்தார். கிரஷர் ஓடியது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி. ஆண்டனிராஜ் கை கழுவிவிட்டுப் பூட்டோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் பேரிங் போனது. டவுனிலிருந்து கூட்டிவந்த ஃபிட்டர், பூட்டு இல்லாமல் இறங்க மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். நடந்த கதை டிரைவர்கள் மூலம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாண்டியராஜ் ஆண்டனிராஜின் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்.

"இயந்திரத்துக்குள்ள கை வைக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு பூட்டு. மூக்காயிக்கும்தான். சரின்னா வாரேன்" என்றார் ஆண்டனிராஜ்.

முதலாளி இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இன்றுவரை ஆண்டனிராஜிடம் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூக்காயி மட்டும், தூசி அள்ளப் போகுமுன் தன் பூட்டை மாட்டி, முதலாளி பார்க்கும்படியாகவே இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார்.