நான் கைதூக்கிய இடம்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஜல்லி சுமந்து பிழைத்து, இன்று படப்பையில் நான்கு லாரிக்கு முதலாளி. நான் இறங்கினால் முடியாத காரியம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

என் மகள் தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு, தேசியப் பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்றுக்குத் தேர்வானது. ஜெயிக்கிற பாட்டு நாட்டின் சார்பாக வெளிநாட்டு மேடைக்குப் போகும். நாவலூர் அரங்கில் பாட வேண்டும். நான் சும்மா இருப்பேனா? இரண்டு வேன் நிறைய என் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன்.

"நான் கையத் தூக்குனா விசில் பறக்கணும்" என்றேன்.

"பாட்டு எப்ப முடியும்னு தெரியுமாண்ணா?" என்றார் என் டிரைவர்.

"இன்னாய்யா கேள்வி இது? எம்பொண்ணு பாட்டுய்யா!"

உண்மையில் நான் அதை முழுதாகக் கேட்டதே இல்லை. "ஒரு வாட்டி உக்காந்து கேளுப்பா" என்று அவள் கெஞ்சுவாள். நான் போனில் லோடு பேசிக்கொண்டிருப்பேன்.

மேடையில் அவள் பாடிக்கொண்டே வந்து கண்ணை மூடி நிறுத்தினாள். இசையும் நின்றது. முடிந்துவிட்டதென்று கையைத் தூக்கினேன். விசிலில் அரங்கமே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் இசை மறுபடி தொடங்கியிருக்கிறது. அவளுக்கே அது கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கடைசி இடம்தான் கிடைத்தது.

வேனில் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கடைசி நாலு வரிக்காகத்தாம்ப்பா பாட்டே எழுதினேன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த நாலு வரி என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. அவளும் பாடுவதில்லை.