செலீனா தெரிந்தெடுத்த மருந்து

புலம்பெயர்ந்து வந்த பிரெடெரிசியா நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் செலீனா, ஆறு வருடமாகக் கைத்துப்பாக்கி சுடும் கழகமொன்றில் உறுப்பினர். கூட வேலை செய்தவள் ஒருத்தி ஒருநாள் விளையாட்டாகக் கூட்டிப்போனாள். பிறகு செலீனாவால் விட முடியவில்லை. சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளில் வெடிமருந்து நிரப்பி மறுபடி ரவையாக்கவும் அனுமதி எடுத்திருந்தாள். மன்னாரில் போர்க்கால ஷெல்லடிக்குள் வளர்ந்த கணவன் அந்தோனிதாசனுக்கு இது துளியும் பிடிக்காது. அவள் ரவை செய்யும் கீழ் அறைப் பக்கமே அவன் போகமாட்டான்.

போன வசந்தத்தில், அவள் வழக்கமாகப் பாவிக்கும் மருந்து கடையில் இல்லை. வேறு இரண்டு இருந்தன. ஒன்று வேகமாக எரிவது. கோதின் அடியில் கொஞ்சம் விழுந்தாலே போதும். மற்றது கோதை முக்கால்வாசி அடைத்துக்கொள்ளும். ஒரு டப்பா நெடுநாள் வரட்டுமென்று முதலாவதை வாங்கினாள். கையேடு சொன்ன அளவில், அடுத்த சனிக்கிழமை நூறு ரவை செய்து முடித்தாள்.

புதன்கிழமை கழகத்தில் இருபதைச் சுட்டிருப்பாள். பயிற்சியாளர் கியர்ஸ்டன் வந்து என்ன மருந்தென்று விசாரித்தாள்.

"கவனம் செலீனா, அது ஒரு கோதுக்குள் இரண்டு தரம் விழுந்தாலும் வெளியே வழியாது. உள்ளே பார்த்துத்தானே மூடினாய்?"

ஓமென்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, சனிக்கிழமை வேலை நடுவில் மச்சாள் சுஜீதா போன் எடுத்தது ஞாபகம் வந்தது. கதைத்துவிட்டு வந்து எந்தக் கோதில் தொடங்கினாள்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. துப்பாக்கியிலிருந்த ரவைகளைக் கழற்றினாள்.

வீட்டில் ரவைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தவளைத் தேடி அந்தோனிதாசன் கீழே இறங்கி வந்தான்.

"என்னப்பா, ஏன் இதெல்லாத்தையும் பரப்பி வைச்சிருக்கிறீர்?"

"இதில ஒண்டுக்குள்ள ரெண்டு பங்கு மருந்து இருக்கலாம். எதுக்குள்ளயெண்டு தெரியேல்ல."

"நிறுத்துப் பாத்தால் தெரியாதே?"

"கோதும் முனையில இருக்கிற சன்னமும் ஒண்டுக்கொண்டு நிறை வித்தியாசம். மருந்து துளியளவு. நம்பேலாது."

"தெரியாமச் சுட்டிருந்தா?"

"துவக்கு கையிலயே வெடிச்சிருக்கும்."

அவன் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "அப்ப எல்லாத்தையும் கழட்டுவம்," என்றான்.

சுத்தியல் போன்ற கருவிக்குள் ரவையை இறுக்கி அவள் மரக்கட்டையில் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவன் தோள் துள்ளியது. ஆனாலும் சன்னம் கழன்றதும் மருந்தைத் தராசில் கொட்டி நிறையை வாசித்தான். முதல் நாள் நாற்பது, எல்லாம் சரி. வீணாகப் பயந்தோமோ என்றுகூட நினைத்தாள். மறுநாள் பின்னேரம் அறுபத்து மூன்றாவதைக் கொட்டியவன் வாசிக்காமல் நிமிர்ந்தான்.

"செலீனா, இதை நீரே பாரும்."

சரியாக இரட்டை. ஒன்றுதானென்று யார் சொன்னது? மிச்சம் பதினேழையும் கழற்றினார்கள். வேறெதிலும் இல்லை.

சனிக்கிழமை மற்ற மருந்தை வாங்கி வந்தாள். வேண்டுமென்றே ஒரு கோதில் இரண்டு தரம் போட்டாள். அது நிரம்பிக் கடதாசியில் கொட்டியது. அந்தோனிதாசனையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த புதன், அந்த மருந்தில் செய்த முதல் ரவைக்கு விசையை அழுத்த முடியாமல் நெடுநேரம் நின்றாள். கடைசியில் சுட்டபோது குறி எங்கோ போனது. மீதியையும் ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்து, ஒன்றும் ஆகவில்லையென்று அந்தோனிதாசனுக்குச் சொல்ல வீட்டுக்குப் போன் எடுத்தாள்.