ஒன்பது பேட்டரியும் ஒரு ஜோடி செருப்பும்

என்னிடம் சார்ஜர் செய்யக் கற்க வருகிற தம்பிகள் முதலில் கேட்பது, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆம்பூரில் சரோஜா அக்காவைப் பார்க்கும்வரை.

1. கையில் தூக்கிப் போன பெட்டி

எண்பதை ஒட்டிய வருஷம். வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் என் பட்டறை. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற ஒரு கம்பெனியில், கரண்ட் போனால் தையல் ஹால் கும்மிருட்டாகிவிடும். ஒரு பெண் படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். அதனால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்பதை ஒன்றன்பின் ஒன்றாக சீரீஸில் கோத்து அவசர விளக்கு போட்டார்கள். சார்ஜர் என் பொறுப்பு.

வழி இரண்டு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்து, ஏசியை டிசியாக்குகிற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக ஏற்றலாம். அல்லது மெயின் கரண்ட்டை நேராக பிரிட்ஜில் விட்டு, நடுவில் இருநூறு வாட் பல்புகளைப் போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். இரண்டாவதில் பாரமே இல்லை. ஆனால் பேட்டரிக்கும் தெருக் கம்பத்துக்கும் நடுவே மறைப்பும் இல்லை; சார்ஜ் ஏறும்போது பேட்டரியைத் தொட்டால் மெயினையே தொட்ட மாதிரி.

"டிரான்ஸ்ஃபார்மர் போட்டா நல்லதுன்றாங்களே?" என்றார் சூப்பர்வைசர் அன்வர் பாய்.

"இன்னாத்துக்கு பாய்? வெயிட்டு ஜாஸ்தி. தொடுறவங்க ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா போதும்."

"செருப்புதானே? ஆம்பூர்ல செருப்புக்கா பஞ்சம்?"

இருவரும் சிரித்தோம். ஒரு கையில் தூக்கிப் போகிற சார்ஜர் செய்தவன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. வாசலில் கிடந்தது

மூன்றாம் வாரம் பார்க்கப் போனேன். பேட்டரி அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே சார்ஜர் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன, சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். வாராவாரம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற சரோஜா அக்கா, வெறுங்காலோடு, ஈரத்துணியால் பேட்டரியைத் துடைக்கக் குனிந்தார். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"செருப்பு போட்டுக்கினு வரச் சொல்லலியாக்கா?"

"சொன்னாங்க தம்பி. ஆயுத பூஜைக்கு பொட்டு வெச்ச எடம். செருப்போட எப்டி வர்றது?"

அப்போதுதான் பார்த்தேன். ஒன்பது பேட்டரிக்கும் சந்தனம், குங்குமம்.

"தொட்டப்ப ஏதாவது தெரிஞ்சுதா?"

"போன வாரம் சுர்ருன்னுச்சு. பேட்டரின்னா அப்டித்தான்னு வுட்டுட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா வெளக்கக் கழட்டிடுவாங்க. அன்னிக்கு கைய ஒடிச்சிக்கினது எம்பொண்ணுதான். கட்டு பிரிச்சிட்டு இப்பதான் தைக்க வந்திருக்கா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளுக்கு வெளிச்சம் வேண்டுமென்று அந்தத் தாய் வாயை மூடிக்கொண்டு தொட்டிருக்கிறார், நான் செய்த பெட்டியை.

3. இரண்டு ஆள் பாரம்

"செருப்பு போட்டே ஆகணும்னு கண்டிப்பா சொல்லிடறேன்," என்றார், நடந்ததைக் கேட்ட அன்வர் பாய்.

"வேணாம் பாய். தப்பு அவங்க கால்ல இல்ல, என் சர்க்யூட்ல."

புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினேன். மெயின் சுருள் தனி, பேட்டரிச் சுருள் தனி, இடையில் கம்பித் தொடர்பே கிடையாது. ஒன்பதும் சேர்ந்து சீரீஸில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்பதால் அதுவும் ஆபத்துதான். அதற்காக, கம்பி மாட்டுகிற டெர்மினல்களுக்கு மரமூடி போட்டேன். கதவைத் திறந்தால் சார்ஜர் நின்றுபோக ஒரு சுவிட்ச் வைத்தேன். நிற்கிற இடத்தில், அவர்களே சோல் வெட்டுகிற ரப்பர் ஷீட்டை விரித்தேன். புது சார்ஜரை இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்கி வந்து இறக்கினோம்.

இன்றும் ஒரு வேலை வந்தால், யார் தொடப்போகிறார்கள், எப்படி வந்து தொடுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வோல்ட்டைக் கேட்கிறேன்.

புதுப் பெட்டியை இறக்கிய அன்றே அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "முன்ன வெச்சது தப்புக்கா. உங்க உயிரே போயிருக்கும்."

அக்கா புது ரப்பர் ஷீட்டைக் காலால் அழுத்திப் பார்த்தார். "அதான் மாத்திட்டியே," என்றார். பிறகு, "இனிமே செருப்பு போட்டுக்கணுமா தம்பி?"

"வேணாங்க்கா. நீங்க எப்பவும் போலவே வாங்க."