அக்காவின் உயரம்

நான் அக்காவை நேரில் பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் சுவிஸுக்கு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்பி, யாழ்ப்பாணத்தில் சித்தியோடு விட்டுவிட்டு வந்தார்கள். நான் இங்கே பிறந்தேன். அக்காவுக்கான விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்தது. நான்காம் தடவை எழுதியபோது அவளுக்குப் பதினெட்டு தாண்டியிருந்தது. இனிப் பிள்ளை என்ற கணக்கில் அவள் வர முடியாது என்று பதில் வந்தது. அந்த ஜெர்மன் கடிதத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவள் நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அகதிகளாக எங்களுக்குக் கிடைத்திருந்த தங்கும் அனுமதி அட்டையோடு இலங்கைக்குப் போகவும் முடியாது.

போர் முடிந்து நாலைந்து வருடங்களில் நான் என் தொழிற்பயிற்சியை முடித்தேன். அச்சுக்குப் போகும் பக்கங்களையும் படங்களையும் கணினியில் தயார்செய்யும் வேலை. எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்றைத் தொடங்கி முடித்த முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்பு, அம்மா ஐந்தாம் வகுப்பு. அக்கா இடம்பெயர்ந்த காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டவள். சான்றிதழை நான் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். யாரும் கேட்காமலே காட்டுவேன்.

வேலையிடத்தில் பெரும்பாலும் தளபாடப் பட்டியல்கள் செய்தோம். சோபாவை வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் படம் எடுத்திருப்பார்கள். அறையைக் கணினியில் கட்டுவோம். யன்னலுக்கு வெளியே தெரியும் மலை இன்னொரு படத்திலிருந்து வரும். சோபாவில் சாய்ந்து வாசிக்கும் பெண் அந்தச் சோபாவைத் தொட்டிருக்கவே மாட்டாள். அவளுடைய நிழலை நான் போடுவேன். நிழல் சரியாக விழுந்தால் கண் மற்ற எல்லாவற்றையும் நம்பிவிடும்.

அதனால்தான் அம்மா என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

"பிள்ளை, நாலு பேரும் ஒண்டா நிக்கிற மாதிரி ஒரு படம் செய்ய ஏலுமோ?"

நாங்கள் இருந்த லாங்கன்தால் ஊரில், எங்களுக்குத் தெரிந்த வீடுகள் பலவற்றில் அப்படி ஒரு படம் இருந்தது. கனடாவில் இருக்கும் அண்ணனும் லண்டனில் இருக்கும் தங்கையும் ஒரே நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிற்பார்கள். தலைமுடியைச் சுற்றி வெட்டிய கோடு தெரியும். ஒருவர் முகத்தில் காலை வெயில், மற்றவர் முகத்தில் ஸ்டூடியோ விளக்கு. அவற்றைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஒட்டியது யாருக்கும் தெரியாத ஒன்றை நான் செய்து காட்டுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேரையும் வரவேற்பறை யன்னலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டேன். பிறகு அக்காவுக்கு வைபரில் குரல்செய்தி அனுப்பினேன். வெளிச்சம் இடது பக்கத்தால் வர வேண்டும், போன் இடுப்பளவு உயரத்தில் இருக்க வேண்டும், கால் வரைக்கும் தெரிய வேண்டும்.

"எடியே, நீ படம் எடுக்கிறியோ, எக்ஸ்ரே எடுக்கிறியோ?" என்று பதில் வந்தது.

முதல் படத்தில் அவளுடைய முகம் மாவு பூசியதுபோல வெளுத்திருந்தது. போனில் இருந்த ஏதோ செயலி கன்னத்தை வழவழப்பாக்கி, சுற்றிவர ரோசாப்பூக்களும் வைத்திருந்தது.

"அக்கா, இது நீங்கள் இல்லை."

"வடிவா இருக்கெல்லோ? பொறாமைப்படாதை."

ஐந்தாவது படம் சரியாக வந்தது. அவள் வேலைசெய்யும் தையல்கடையில், யன்னலோரம், நீலச் சட்டையோடு நின்றாள். எங்கள் வீட்டு வெளிச்சமேதான். அவளை வெட்டி எடுத்து எங்களுக்கு நடுவில் வைத்தேன். அங்கேதான் வேலை நின்றது. எவ்வளவு பெரிதாக வைப்பது? அவளுடைய உயரம் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஸ்கைப்பிலும் வைபரிலும் நாங்கள் பார்த்தது கழுத்துக்கு மேலே மட்டும்.

அம்மாவிடம் கேட்டேன். "என்னை மாதிரித்தான் இருப்பாள்," என்றார்.

"இல்லை, அவள் எங்கட பக்கம். உயரமாத்தான் இருப்பாள்," என்றார் அப்பா.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நீ கண்டனியோ?"

நான் அக்காவை அழைத்தேன். அவள் கடையில் இருந்த அளவுநாடாவை எடுத்து, கூட வேலைசெய்யும் பிள்ளையைக் கொண்டு தன்னை அளக்கவைத்துச் சொன்னாள். அஞ்சு அடி ஏழு அங்குலம்.

அம்மா நம்பவில்லை. பென்சிலோடு குசினிக் கதவுநிலைக்குப் போனார். "வாடகை வீடு, கோடு போடாதை," என்று அப்பா ஓடிவந்து ஒரு துண்டு ஒட்டுநாடாவை அந்த உயரத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டு அவரும் முதுகை நிமிர்த்தி நின்று பார்த்தார். அது அவருடைய தலைக்கும் மேலே இருந்தது. அம்மா கதவுநிலைக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டி, கன்னம் வரக்கூடிய இடத்தில் மரத்தைத் தொட்டார்.

"விட்டிட்டு வரேக்கை இடுப்பளவு," என்றார்.

அளவின்படி அக்காவைப் பெரிதாக்கினேன். பக்கத்தில் அம்மா சின்னப்பிள்ளை போலத் தெரிந்தார்.

"கொஞ்சம் குறைச்சுப் போடு பிள்ளை. என்ர காதடி மட்டும் வந்தால் காணும்."

என் வேலையில் அது பெரிய விஷயமே இல்லை. மூலையைப் பிடித்து இழுத்தேன். அக்கா சுருங்கி அம்மாவின் காதடிக்கு வந்தாள். அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நெடுநேரம் திரையைப் பார்த்தார். நான் சேமிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். திருப்பி வளர விடு."

ஒரு விசையைத் தட்டினேன். அக்கா தன் உயரத்துக்குத் திரும்பினாள். அம்மா எழுந்துபோய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

அதன்பின் இரண்டு வாரம், வேலை முடிந்து வந்த மாலைகளில், முடியின் ஓரத்தையும் காலடி நிழலையும் திருத்தினேன். முடிந்ததும் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"நல்லா வந்திருக்கடி. நான் அங்கை வந்து நிண்ட மாதிரியே இருக்கு." பிறகு கேட்டாள்: "நீ ஏன் விலகி நிக்கிறாய்?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளுடைய கைக்கும் என்னுடைய கைக்கும் நடுவில் ஒரு விரலளவு சுவர் தெரிந்தது. நான் வேண்டுமென்றே விட்ட இடம் அது. இரண்டு பேர் ஒட்டி நின்றால் சட்டை நசுங்கும், அந்த மடிப்புக்குள் மெல்லிய இருட்டு விழும். அவளுடைய சட்டைக்கை நேராகத் தொங்கியது, பக்கத்தில் யாரும் இல்லாததால். என்னுடையதும் அப்படித்தான்.

"ஒட்டி வைச்சால் பொய் எண்டு தெரியும் அக்கா."

"தெரிஞ்சால் தெரியட்டும். கிட்ட வா."

கோப்பை மறுபடி திறந்தேன். அவளை அசைக்கவில்லை. என்னை நகர்த்தினேன், என் சட்டைக்கை அவளுடையதன்மேல் ஏறும்வரை. மடிப்புப் பொருந்தவில்லை. தொழில் தெரிந்தவர்கள் பார்த்த உடனேயே அந்த இடத்தைக் காட்டுவார்கள். அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.